புதுப்பிப்பு: குதிகாலில் ஓட்டை விழாத கம்பளி சாக்ஸ்

மலையேறப் போட்டுக்கொண்டு போகும் கம்பளி சாக்ஸ் எல்லாம் குதிகாலில் ஓட்டையாகிறது, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முழுக் கம்பளியை விட்டுவிட்டு நைலான் கலந்த மெரினோ (மெல்லிய ஆட்டுக் கம்பளி) எடுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. முக்கால் பங்கு மெரினோ, மீதி நைலானும் கொஞ்சம் லைக்ராவும் (இழுபடும் நூல்). தொளதொளவென்று இருந்தால் மடிப்பு விழுந்து உரசும் என்று ஒருவர் எச்சரித்ததால் காலைக் கவ்விப் பிடிக்கிற அளவாகப் பார்த்து எடுத்தேன். இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டு 6 மாதமாகிறது, ஓட்டை இல்லை, நனைந்தாலும் கால் அவ்வளவாகச் சில்லிடவில்லை.

எதிர்பாராத விஷயம், பாதிக் குற்றம் என் பூட்ஸ் மேல்தான். குதிகால் பக்கம் உள்துணி கிழிந்து அரம் மாதிரி இருந்திருக்கிறது, கையை விட்டுத் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்புறம், துவைக்க வெந்நீரும் காயவைக்க டிரையரும் வேண்டாம். பழைய ஜோடி ஒன்று அப்படித்தான் சுருங்கிக் குழந்தை சாக்ஸாகிப் போனது.