வாரத்தில் ஒருநாள் குடித்தால் என்ன கெட்டுவிடும்?

கருவேலம்:
குடி என்றாலே ஈரல் போய்விடும், குடும்பம் போய்விடும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். நான் பதினைந்து வருடமாகக் குடிக்கிறேன். சனிக்கிழமை மட்டும், அதுவும் பீர்தான், நாலு அரை லிட்டர் கேன். திங்கட்கிழமை சரியாக வேலைக்குப் போய்விடுகிறேன், போன வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. தினமும் குடித்து விழுந்து கிடப்பவரையும் என்னையும் ஒன்றாகப் பேசுவது என்ன நியாயம்?

முகில்:
"பீர்தான்" என்று சொல்லித்தான் எல்லோரும் ஏமாறுகிறோம் நண்பரே. 5 சதவீத பீர் 500 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, 60 மில்லி விஸ்கியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாலு கேன் என்றால் 80 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமைத் தாண்டினாலே அதை மிதமிஞ்சிய குடி என்றுதான் உலக சுகாதார அமைப்பு கணக்கில் எடுக்கிறது. கல்லீரலால் மணிக்குச் சுமார் 8 கிராம்தான் கழிக்க முடியும், காபி குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேகம் கூடாது. அப்புறம் அந்த ரத்தப் பரிசோதனை. கொழுப்பு படிந்த கல்லீரல் இருந்தும் அளவுகள் சரியாகவே வரலாம், வலியும் இருக்காது.

கருவேலம்:
கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே சொன்னார்களே, அது?

முகில்:
பழைய ஆய்வுகள் பலவற்றில் "குடிக்காதவர்கள்" பட்டியலில், உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்களும் சேர்ந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சமாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்? மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988லேயே வகைப்படுத்திவிட்டார்கள். உடம்புக்குள் அது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறி மரபணுவைச் சிதைக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஆபத்து போய்க்கொண்டே இருக்கிறது.

ஆதவன்:
இவ்வளவு விளக்கம் எதற்கு? மனஉறுதி இல்லாதவன் குடிக்கிறான். தினமும் குடிப்பவனும் நாளைக்கே நிறுத்தினால் முடிந்தது கதை.

தேன்மொழி:
தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். என் அண்ணன் பல வருடம் தினமும் குடித்தவர். அவரையும் இப்படித்தான் எல்லோரும் திட்டினார்கள், ஒருநாள் கோபத்தில் அடியோடு நிறுத்தினார். அன்று மாலையே கைநடுக்கம், மறுநாள் வலிப்பு, மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று விடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தார், என்னை யாரென்றே தெரியவில்லை. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம் என்று மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மருந்து கொடுத்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, பக்கத்திலேயே வைத்துப் பார்த்துத்தான் மீட்டார்கள். உறுதி இல்லாமலா அவர் நிறுத்தினார்?

ஆதவன்:
இது எனக்குத் தெரியாது, சகோதரி. நிறுத்தவே வேண்டாம் என்று மட்டும் யாரும் இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

தேன்மொழி:
நிறுத்தத்தான் வேண்டும், மருத்துவர் துணையோடு. கருவேலம், உங்கள் நிலைமை வேறு, கல்லீரலில் கொழுப்பு மட்டும்தான் என்றால் குடியை விட்டாலே பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும், தழும்பு முற்றிய பிறகுதான் திரும்புவது கடினம்.

கருவேலம்:
மொத்தமாக விடுவேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் 80 கிராம் என்று இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இந்த வாரம் ஸ்கேன் எடுக்கிறேன்.