டிடிபி மென்பொருளில் மெனு எழுத்து கடுகு மாதிரி தெரிகிறது, வழி சொல்லுங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். பத்து நாளைக்கு முன் புது லேப்டாப் வாங்கினேன்: 14 அங்குலத் திரை, 2880 x 1800, விண்டோஸ் 11, ஸ்கேலிங் (எழுத்து, ஐகான்களைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 200%. மற்றதெல்லாம் கச்சிதம். பதினைந்து வருடமாகப் பழகிய பக்க வடிவமைப்பு மென்பொருளில் மட்டும் மெனு, டூல் ஐகான் எல்லாம் கடுகளவு. அதற்கு அப்டேட் நின்று பல காலமாகிறது. பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் அதில்தான் திறக்கும் என்பதால் விடவும் முடியவில்லை.

ரெசல்யூஷனை 1920 x 1200-க்கு இறக்கினேன், மொத்தத் திரையும் மங்கல். அப்புறம் எக்ஸி கோப்பின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கம் போய், ஹை டிபிஐ ஓவர்ரைடை (மென்பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் வேலையை யார் செய்வது என்ற அமைப்பு) ‘சிஸ்டம்’ என்று வைத்தேன். அளவு சரி, எழுத்து கலங்கல். லகர ளகரம் பிரித்துத் தெரியாமல் புரூஃப் எப்படிப் பார்ப்பது? ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ வைத்தால் மெனு தெளிவு, ஆனால் மிதக்கும் டூல் பெட்டிகள் அப்படியே பொடிசாக நிற்கின்றன. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) மாற்றி, தனி மேனிஃபெஸ்ட் கோப்பு (மென்பொருளை எப்படிக் காட்ட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்வது) போட்டும் பார்த்தாயிற்று. அசையவில்லை. வைகாசி முகூர்த்த வேலை வேறு குவிகிறது.

ஸ்கேலிங் 200% அப்படியே இருக்க, இந்த ஒரு மென்பொருளின் டூல் பெட்டிகளை மட்டும் மங்காமல் பெரிதாக்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?