தளம் போட்டு 14 நாளில் சென்ட்ரிங் பிரிக்கணும், எம்எஸ் பிராஜெக்ட் 16 நாள் காட்டுது

கேள்வி – தளக்கணக்கு:
இரண்டு மாடி ஃபிரேம் வீடு (தூணும் பீமும் தாங்குவது), ஞாயிறு விடுமுறை. வேலை அட்டவணையை எம்எஸ் பிராஜெக்ட் மென்பொருளில் போடுகிறேன். தளக் கான்கிரீட்டிலிருந்து சென்ட்ரிங் (அதைத் தாங்கும் பலகை, முட்டு) பிரிப்புக்கு ஃபினிஷ் டு ஸ்டார்ட் (முந்தையது முடிந்தபின் அடுத்தது தொடங்கும் லிங்க்), லேக் (நடுவில் காத்திருக்கும் இடைவெளி) 14 நாள் கொடுத்தால் 16 நாள் தள்ளிப் போகிறது. இன்னொன்று: செங்கல் கட்டு 24 நாள், பூச்சு 18 நாள், நடுவில் ஸ்டார்ட் டு ஸ்டார்ட் (முந்தையது தொடங்கியதிலிருந்து எண்ணி அடுத்தது தொடங்கும் லிங்க்) லேக் 6. கட்டுவேலையை 36 நாளாக மாற்றினால், கட்டு முடிய 12 நாள் இருக்கும்போதே பூச்சு முடிந்ததாக வருகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில் – முட்டுக்கம்பு:
லேக் வேலைநாள் கணக்கில் ஓடுகிறது, அதனால் இரண்டு ஞாயிறு சேர்ந்துவிட்டது. கான்கிரீட் ஞாயிறும் இறுகும். நாளைக் குறிக்கும் d-க்கு முன்னால் ஒரு e சேர்த்து '14ed' என்று போடுங்க, காலண்டர் நாளாக எண்ணும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் 14 வேண்டுமா என்று பாருங்க. ஐஎஸ் 456:2000 (இந்தியக் கான்கிரீட் தரநிலை) படி சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலையில், 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கலுக்குத் தாங்கல் நீளம்) உள்ள தளத்துக்கு முட்டு எடுக்க 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, மேலே போனால் 21. தள முட்டு, பீம் முட்டு இரண்டையும் தனித்தனி வேலையாகப் பிரித்து, தனித்தனி லேக் கொடுங்க. பிபிசி (நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்ட் என்றால் நாள் கூடும், இன்ஜினியரிடம் கேட்டு எண்ணைப் போடுங்க.

பதில் – நூல்மட்டம்:
பூச்சுக்கு ஃபினிஷ் டு ஃபினிஷ் (முந்தையது முடிந்தபின்தான் அடுத்தது முடியும்) லிங்க்கும் வேண்டும். ஸ்டார்ட் டு ஸ்டார்ட் தொடக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், முடிவை விட்டுவிடும்.

முட்டுக்கம்பு:
சரிதான், ஆனால் எம்எஸ் பிராஜெக்டில் ஒரே இரண்டு வேலைக்கு நடுவே ஒரு லிங்க்தான் போட முடியும். பிரைமவேரா என்ற இன்னொரு அட்டவணை மென்பொருளில் இரண்டும் போடலாம். இங்கே 'கட்டு முடிந்தது' என்று 0 நாள் மைல்ஸ்டோன் (அடையாளப் புள்ளி) வைத்து, கட்டிலிருந்து அதற்கு ஃபினிஷ் டு ஸ்டார்ட், அதிலிருந்து பூச்சுக்கு ஃபினிஷ் டு ஃபினிஷ் லேக் 6 கொடுங்க. பூச்சு 18 நாளாகவே இருக்கும், தொடக்கமும் சேர்ந்து பின்னால் தள்ளும்.

நூல்மட்டம்:
அதைவிட நல்ல வழி, மாடிவாரியாகப் பிரிப்பது. கீழ்த்தளக் கட்டு, காடி வெட்டி எலக்ட்ரிக்கல் பைப்பும் பாக்ஸும் பதிப்பு, பிளம்பிங் பிரஷர் டெஸ்ட், பூச்சு. எல்லாம் ஃபினிஷ் டு ஸ்டார்ட். உங்கள் அட்டவணையில் கட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே எலக்ட்ரீஷியனே இல்லை. அந்த லிங்க் விட்டுப்போனால் பூசிய சுவரைத்தான் திரும்ப வெட்ட வேண்டிவரும்.

தேதியை 'ஸ்டார்ட்' என்ற கட்டத்தில் கையால் அடிக்காதீங்க. 'இதற்கு முன் தொடங்காதே' என்ற கட்டுப்பாடு ஒட்டிக்கொள்ளும், முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் அடுத்தது முன்னால் வராது.