கட்டி இழுத்தபோது நடந்தது: பிக்கப் ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

மேட்டுப்பாளையம், காய்கறி லோடு ஓட்டுபவர்:

நீலகிரி மலையில் உள்ள கேத்தி பாலாடாவில் கேரட்டைக் கழுவி மூட்டை கட்டி ஏற்றுவதற்குள் இரவு வெகுநேரம் ஆகிவிடும். விடிவதற்குள் அது மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கியாக வேண்டும். 11 ஆண்டுகளாக இதுதான் என் பிழைப்பு. என்னுடையது 1.5 டன் பிக்கப். மச்சானுடையதும் அதே வகைதான். இரண்டு பேரும் சேர்ந்தே மலை இறங்குவோம்.

போன தை மாதம் ஒரு நாள் அதிகாலை, குன்னூரைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தபோது மச்சானின் வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. டீசல் வரவில்லை என்று தெரிந்தது. டீசல் பம்பு போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. மண்டிக்கு நேரமாகிறது, கேரட் வாடிவிடும் என்ற பதற்றம் இரண்டு பேருக்கும். இறக்கம்தானே, கயிறு கட்டிவிட்டால் தானாக உருண்டு வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

என் வண்டியின் பின்பக்கமும் அவன் வண்டியின் முன்பம்பரும் நைலான் கயிற்றால் சேர்ந்தன. இரண்டிலும் முழு லோடு. முதல் வளைவிலேயே மச்சான் விடாமல் ஹாரன் அடித்தான். என்ஜின் ஓடினால்தான், பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் (காற்றில்லா உறிஞ்சல்) கிடைக்கும். ஓடாத வண்டியில் ஓரிரு முறை மிதிக்கும்வரை மீதமிருக்கும் வேக்குவம் உதவும். அதன்பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் அப்படித்தான், முழு பலத்தோடு திருப்பினால்தான் திரும்பும். லோடோடு இறக்கத்தில் வரும் வண்டியை அவன் இரண்டு காலையும் வைத்து மிதித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மேடு என்றால் கயிறு விறைப்பாகவே இருக்கும். இறக்கத்தில் பின்னால் வரும் வண்டி முன்வண்டியை நெருங்கும், கயிறு தொய்ந்து தரையில் விழும். நான் வேகமெடுத்தால் வெடுக்கென்று இழுபடும். மூன்றாவது வளைவில் தொய்ந்த கயிறு அவனுடைய முன்சக்கரத்தில் ஏறியது. அடுத்த இழுப்பில் பம்பரின் பிராக்கெட் பிய்ந்து, கயிறு அறுந்து, அவன் வண்டி என் பின்கதவில் இடித்தது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மலை. அவன் மலைப்பக்கமே ஒடித்து, ஓடைக்கால்வாயில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினான். எதிரே அந்த நேரத்தில் பஸ் வரவில்லை. அதனால்தான் என் தங்கை இன்று நிம்மதியாக இருக்கிறாள்.

என் வண்டியின் பின்பிரேக் டிரம்களிலிருந்து கருகிய வாடை வந்தது. பெடல் பாதிக்கு மேல் உள்ளே இறங்கியது. இரண்டு வண்டிகளையும் நிறுத்த வேண்டிய வேலை ஒரே வண்டியின் பிரேக்குகள் மீது விழுந்ததால் வந்த சூடு அது. மூன்று ஆண்டுகளாக நான் பிரேக் ஆயிலை மாற்றவில்லை என்பதும் அன்றுதான் நினைவுக்கு வந்தது.

சாலை விதிகளில் இதெல்லாம் எழுதியே இருக்கிறது. இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பின்வண்டியின் ஸ்டீயரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கட்டி இழுக்கப்படுகிறது என்ற அறிவிப்பைப் பின்னால் மாட்ட வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். இவற்றில் நாங்கள் செய்தது லைசென்ஸ் ஒன்றுதான்.

இப்போது மலையில் வண்டி நின்றால் கயிற்றை நான் எடுப்பதே இல்லை. சக்கரத்துக்குக் கல் வைத்து, முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்பே தெரியும்படி வைத்துவிட்டு, லோடை வேறு வண்டிக்கு மாற்றுகிறோம். காலி வண்டியை மீட்பு வண்டியில் ஏற்றி இறக்குகிறோம். ஒரு நாள் கூலி போய்விடுகிறது, போகட்டும். சமவெளியில் இழுக்க வேண்டி வந்தால், கயிற்றுக்குப் பதிலாக மாட்ட வளையாத இரும்புத் தண்டு வைத்திருக்கிறேன். பம்பரிலோ ஸ்பிரிங் பட்டையிலோ மாட்டுவதில்லை, சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சேர்ந்த கொக்கியில்தான்.

நாமக்கல், பட்டறை வைத்திருப்பவர்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் பட்டறையில் என் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பின்சக்கரத்தில் ஓடும் வண்டியை நியூட்ரலில் போட்டு வெகுதூரம் இழுத்துவருகிறார்கள். சாவி மட்டும் ஆனில் இருந்தால் போதும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாது என்று நினைக்கிறார்கள். சாவி ஆனில் இருக்க வேண்டும் என்பது சரிதான். கியர்பாக்ஸ் என்ன ஆகிறது? சக்கரம் சுற்றினால், கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும், அதோடு கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் சுற்றும். ஆனால் கீழே ஆயிலில் மூழ்கியிருந்து அதை மேலே வாரி அடிக்கும் கவுன்டர் ஷாஃப்ட், என்ஜின் ஓடாததால் அசையாமல் கிடக்கும். மேலே உள்ள பேரிங்குகள் காய்ந்துபோய் உராயும். டீசல் பம்புக்காக வந்த வண்டியில் கியர்பாக்ஸையும் இறக்க வேண்டிய நிலையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தூரம் போக வேண்டுமென்றால் பின்சக்கரங்களைத் தூக்கி ஏற்றுங்கள். முடியாவிட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, அது போல்ட்டில் சேரும் ஃபிளாஞ்சில் சாக்பீஸால் அடையாளம் போட்டு, மேலே கட்டிவையுங்கள். கழற்றும் முன் சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறக்காதீர்கள். ஷாஃப்ட் கழன்ற பிறகு கியர் வண்டியைப் பிடிக்காது, கீழே படுத்திருப்பவர் மீது உருளும்.

அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகையில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140 அளவுக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் டிரம் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகிக் குழாயில் குமிழியாக நிற்கும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் உங்கள் பெடல் உள்ளே போனது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், மலை ஓட்டுபவர்கள் அதற்கு முன்பே. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வார்கள். கல்லட்டி இறக்கத்திலும், 70 கொண்டை ஊசி வளைவுள்ள எங்கள் கொல்லிமலையிலும் அதைக் கேட்காதவர்களின் வண்டிகள்தான் எங்களிடம் வருகின்றன.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. “அண்ணா, ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுவிடுங்கள், இரண்டரை டன் ஏற்ற வேண்டும்” என்று கேட்டு வாரம் ஒருவராவது வருகிறார்கள். பட்டையைக் கூட்டினால் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். டிரம் அதே டிரம், லைனிங் அதே லைனிங், ஆக்ஸிலும் டயரும் அதேதான். நான் இப்போது அந்த வேலையை எடுப்பதில்லை.

எங்களிடம் வழக்கமாக வரும் வண்டிகளுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், ஸ்பிரிங்கின் ஷேக்கிள் பின் எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடித்து, ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்துவிடுவோம். டயர் மாற்றினால் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். உங்கள் மச்சானின் பம்பு போனதற்கு அந்தத் தண்ணீர் காரணமா என்று கழற்றியவரிடம் கேட்டீர்களா?

நாகப்பட்டினம், மீன் வண்டி ஓட்டுபவர்:

அண்ணா, நீங்கள் மலையில் பார்த்ததை நான் தஞ்சாவூர் புறவழியில், மேடு பள்ளம் இல்லாத சாலையில் பார்த்தேன். முன்னால் போன லாரி பிரேக் போட்டது, நானும் மிதித்தேன், பெடல் நேராகத் தரைக்குப் போனது. கைபிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, சாலையோர மண்ணில் இறக்கித் தப்பினேன். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய் துருப்பிடித்து வெடித்திருந்தது. மீன் பெட்டியில் ஐஸ் உருகும்போது உப்புத் தண்ணீர் இரவு முழுக்க சேஸிஸ் மீது சொட்டுகிறது. மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே குழாய் அரித்துக்கொண்டே இருக்கும். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி நான்கு மாதம்கூட ஆகவில்லை. இப்போது லோடு இறக்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், மாதம் ஒருமுறை பட்டறையில் ஏற்றி டார்ச் அடித்துக் குழாய்களைப் பார்க்கிறேன். பெட்டியின் தண்ணீர் ஒரு ஹோஸ் வழியாக வண்டிக்கு வெளியே விழும்படியும் செய்துவிட்டேன். கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே குனிந்து பாருங்கள்.

டொரோண்டோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்:

இங்கே பழுதான வண்டியை நாங்களே கட்டி இழுப்பதில்லை. பிக்கப்பின் பின்னால் படகு டிரெய்லரை மாட்டிக்கொண்டு கோடையில் வடக்கே ஏரிகளுக்குப் போவோம். ஆனாலும் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளும் என்பதை நானும் அனுபவித்தேன்.

நெடுஞ்சாலை 400-இல், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. முந்தைய நாள் குளிர்பெட்டிகளையும் எரிபொருள் கேன்களையும் படகின் பின்முனையில் அடுக்கியிருந்தேன். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்முனை வழியாக வண்டியின் கொளுக்கியில் அழுந்த வேண்டும். நான் பாரத்தைப் பின்னால் தள்ளியதில் அந்த அழுத்தமே குறைந்துபோயிருந்தது. பயத்தில் பிரேக்கை மிதிக்கத்தான் கால் போகும். மிதித்தால் வண்டி வேகம் குறையும், பின்னால் உள்ளது தள்ளி மடக்கிவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாகக் கொடுத்தேன். ஆட்டம் அடங்கியது. பின்இருக்கையில் பிள்ளைகள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்டாரியோவில் 1,360 கிலோவோ அதற்கு மேலோ மொத்த எடையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தின் அருமை எனக்கு அன்று விளங்கியது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக மாட்டுங்கள். கொளுக்கி கழன்றாலும் முன்முனை தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும்.

படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நெடுந்தூரம் ஓடிச் சூடான சக்கர பேரிங்குகளை உடனே குளிர்ந்த ஏரித் தண்ணீரில் இறக்கினால், உள்ளே உள்ள காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் வெளுத்து வீணாகிவிடும். கரையில் சற்று நேரம் ஆறவிட்டு, கையை வைத்துச் சூட்டைப் பார்த்த பிறகே நான் படகை இறக்குகிறேன்.

மேட்டுப்பாளையம், காய்கறி லோடு ஓட்டுபவர்:

நாமக்கல் அண்ணா, நீங்கள் கேட்டதை நேற்று விசாரித்தேன். ஃபில்டரில் பாதிக்குத் தண்ணீர் இருந்ததாம், பம்பின் உள்ளே துரு. மச்சான் அதைத் திறந்துவிட்டதே இல்லை. என் வண்டியிலும் இன்று காலை திறந்து பார்த்தேன், கால் டம்ளர் வந்தது. பிரேக் ஆயில் மாற்ற நாளை மறுநாள் பட்டறையில் விடுகிறேன், மச்சானின் வண்டியும் கூடவே வருகிறது.