பிள்ளையை இழந்த வீட்டில் பார்த்தது: உங்களுக்கு மறக்காத ஒன்று

பொருநை:
பள்ளிக்கூடத்துப் பசங்களே வெட்டின கேஸ். எட்டு மாசம் கழிச்சும் அந்த அம்மா நஷ்டஈடு பத்திப் பேசவே இல்ல. “பைக்குள்ள டிபன் பாக்ஸ் இருக்கு சார், கழுவாமக் கெடக்கும்”. அவ்வளவுதான் கேட்டாங்க. மகஜர்ல, அதாவது போலீஸ் கைப்பற்றின பொருள் பட்டியல்ல, பையும் ஏறியிருந்துச்சு. பொருளைத் திருப்பிக் கேட்டு மனு போடலாம். மகஜர்ல உள்ள வரிசை எண், பொருளோட விவரம் ரெண்டையும் அப்படியே எழுதணும். ரத்தக்கறை பட்டது தடய அறிவியலுக்குப் போயிருக்கும், அது சீக்கிரம் வராது.

கடலூர்க்காரன்:
எட்டு மாசம்லாம் ஆரம்பம்தான். மருத்துவ மாணவர் நாவரசு கொலை 1996 நவம்பர்ல. உடல் யாருதுன்னு உறுதிப்படுத்தப் பெத்தவங்க ரத்தத்தை எடுத்து டி.என்.ஏ. பார்த்தாங்க. கொன்ன சீனியர் மாணவருக்கு 1998ல கடலூர்ல இரட்டை ஆயுள், 2001ல உயர் நீதிமன்றத்துல விடுதலை, 2011லதான் உச்ச நீதிமன்றம் மறுபடி ஆயுள். வேற ஒரு கேஸ்ல விடுதலைன்னு வாசிச்சதும் ஒரு அப்பா வக்கீல் கையைப் பிடிச்சு, “அப்ப யாருதான்யா வெட்டுனது?”ன்னு கேட்டார். கேஸ் முடிஞ்சா மனசு ஆறிடும்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க.

மருதம்:
ரெண்டு பேருமே தம்பி தங்கச்சிங்கள விட்டுட்டீங்க. ஒரு வீட்டுத் தம்பி வாசலுக்கு முதுகு காட்டி உக்காரவே மாட்டான், சாப்பிடும்போதுகூட. பசங்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, பெரியவங்களுக்கு மனநல உதவி எண் 14416. ரெண்டுமே கட்டணமில்லாத எண்.

அப்புறம், நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பு வரைக்கும் காத்திருக்காதீங்க. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுங்க. குற்றவாளி யாருன்னே தெரியலன்னாலும் கேக்கலாம், அவங்க 2 மாசத்துல விசாரிச்சு முடிக்கணும். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைச் சட்டத்துல பதிஞ்ச கொலைன்னா நிவாரணம் தமிழ்நாட்டுல 12 லட்சம்: பாதி பிரேதப் பரிசோதனை முடிஞ்சதும், மீதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும். வெட்டினவன் 16 முடிஞ்சு 18க்குக் கீழன்னா, அவனைப் பெரியவனா விசாரிக்கலாமான்னு இளைஞர் நீதிக் குழுமம் 3 மாசத்துல மதிப்பீட்டை முடிக்கணும். அந்த 3 மாசத்துல வீட்டுக்கு ஒரு தகவலும் வராது, அப்பதான் ரொம்ப உடைஞ்சு போறாங்க. விசாரணை எந்த அளவுல இருக்குன்னு 90 நாளுக்குள்ள போலீஸ் குடும்பத்துக்குச் சொல்லியாகணும், இது சட்டத்துலயே இருக்கு. எழுத்துல கேளுங்க.

பொருநை:
எந்தப் பிரிவுன்னு தனியாக் கேட்டவங்களுக்கு: பொருள் கோர்ட்டுக்கு வந்துட்டா புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்துல (BNSS) பிரிவு 497. ஸ்டேஷன்லயே இருந்தா 503. அந்த டிபன் பாக்ஸ் ஸ்டேஷன்லதான் இருந்துச்சு.