பொருள்: நெஞ்சறை அறுவை மருத்துவர் – போர்டு சான்றும் மெடிகேரும் சரிபார்க்க

உறவுகளுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் அப்பா அம்மாவைக் கூட வைத்திருப்பவர்களுக்கான மடல் இது. மற்ற நாட்டில் இருப்பவர்கள் தாண்டிப் போகலாம். நுரையீரலில் கட்டி என்று ஸ்கேனில் வந்ததும் ஒரு சர்ஜன் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். "போர்டு சர்டிஃபைடு, மெடிகேரும் எடுக்கிறாராம், போதாதா?" என்று குழுவில் கேட்கிறார்கள். போதாது. போர்டு சர்டிஃபைடு என்றால் அந்தத் துறையின் தேர்வு வாரியத்தில் சான்று பெற்றவர்; மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு. இரண்டையுமே இன்னும் ஒரு படி தோண்ட வேண்டும்.

அமெரிக்கன் போர்டு ஆஃப் தொராசிக் சர்ஜரி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து ஒரே சான்றுதான் தருகிறது. பைபாஸ் மட்டுமே செய்கிறவரிடமும், நுரையீரலைத் தவிர வேறெதையும் தொடாதவரிடமும் இருப்பது அதே சான்று. ஆகவே சான்று இருக்கிறதா என்று போர்டின் தளத்தில் பார்த்தபின், அலுவலகத்தில் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை லோபெக்டமி (நுரையீரலின் ஒரு மடலை எடுக்கும் அறுவை)? அதில் எத்தனை சிறு துளை வழியாக, அதாவது வாட்ஸ் (கேமரா வைத்துச் செய்வது) அல்லது ரோபோ முறையில்? எத்தனை முறை பாதியில் நெஞ்சைத் திறக்க நேர்ந்தது? நுரையீரல்காரர் என்றால் எண்ணைத் தயங்காமல் சொல்வார். இன்னொன்று, பொது அறுவை மருத்துவர் சிலரும் லோபெக்டமி செய்கிறார்கள். அவர்களுடையது வேறு போர்டு. "போர்டு எலிஜிபிள்" என்று போட்டிருந்தால் பயிற்சி முடிந்தது, தேர்வு இன்னும் முடியவில்லை என்று பொருள். பெயருக்குப் பின்னால் வரும் எஃப்.ஏ.சி.எஸ். ஒரு சங்க உறுப்பினர் பட்டம், போர்டு சான்று அல்ல.

என்.பி.ஐ. எண்ணை, அதாவது நாடு முழுவதும் ஒவ்வொரு மருத்துவருக்கும் தரும் அடையாள எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். பத்து இலக்கம், யாரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் அங்கே "தொராசிக் சர்ஜரி" என்று இருப்பது மருத்துவர் தாமே தேர்ந்தெடுத்த பிரிவு. அந்த எண் இருப்பதால் மெடிகேரில் பதிந்தவர் என்றும் ஆகிவிடாது. லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை மாநில மெடிக்கல் போர்டின் தளத்தில்தான் பார்க்க வேண்டும். முன்பு வேறு மாநிலத்தில் வேலை பார்த்தவர் என்றால் அந்த மாநிலத்திலும் பாருங்கள்.

இனி பணம். "மெடிகேர் எடுப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள். கேட்க வேண்டியது, "நீங்கள் பார்டிசிபேட்டிங்கா? அசைன்மென்ட் ஏற்பீர்களா?" பார்டிசிபேட்டிங் என்றால் மெடிகேர் விலையை எப்போதும் ஏற்பதாக ஒப்பந்தம் போட்டவர்; அசைன்மென்ட் ஏற்பது என்றால் அந்த பில்லுக்கு மெடிகேர் விலையே முழுக் கட்டணம் என்று ஒப்புக்கொள்வது. வித்தியாசம் இதோ. மெடிகேரின் கட்டணப் பட்டியலில் 1,000 டாலர் என்று வையுங்கள், பார்ட் பி (மருத்துவர் கட்டணத்துக்கான பகுதி) டிடக்டிபிள், அதாவது வருடந்தோறும் முதலில் நாமே கட்டும் தொகை, ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. பார்டிசிபேட்டிங் என்றால் மெடிகேர் 800, நீங்கள் 200. பார்டிசிபேட்டிங் இல்லாதவர், அசைன்மென்டும் ஏற்கவில்லை என்றால் பட்டியல் 950 ஆகக் குறையும். ஆனால் அதற்கு மேல் 15 சதவீதம் வரை, அதாவது 1,092.50 வரை அவர் கேட்கலாம். மெடிகேர் தருவது 760. மிச்சம் 332.50 உங்கள் தலையில். மெடிகேப்பில் (மெடிகேர் விட்டுவைக்கும் பங்கைக் கட்டும் தனியார் துணைக் காப்பீடு) ஜி திட்டம் அந்த 15 சதவீத மிகுதியையும் கட்டிவிடும். 'என்' எழுத்துத் திட்டம் கட்டாது (என்னுடைய திட்டம் என்று படித்துவிடாதீர்கள்).

மூன்றாவது ஒரு வகை உண்டு: ஆப்ட் அவுட் செய்தவர், அதாவது மெடிகேரிலிருந்தே விலகியவர். அவரிடம் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மெடிகேரும் தராது, மெடிகேப்பும் தராது, மொத்த பில்லும் கைக்காசுதான். அந்த விலகல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தானாகவே நீளும். விலகியவர்கள் பட்டியல், மெடிகேரை நடத்தும் அரசு அமைப்பான சி.எம்.எஸ். தளத்தில் இருக்கிறது. நெஞ்சறை சர்ஜன்களில் இது அபூர்வம், ஆனாலும் இரண்டு நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்.

மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் கம்பெனி வழியாக வரும் மெடிகேர்) வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே நெட்வொர்க்கும் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்கள்) முன் அனுமதியும்தான் எல்லாம். கம்பெனி பெயரை மட்டும் சொல்லாமல் கார்டில் உள்ள திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே கம்பெனியின் ஒரு திட்டத்தில் இருக்கும் மருத்துவர் மற்றொன்றில் இல்லாமல் போகலாம். சர்ஜன், மருத்துவமனை, மயக்க மருந்து மருத்துவர் மூவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மறந்துவிடக் கூடாத ஒன்று: லோபெக்டமிக்கு மெடிகேர் தரும் சர்ஜன் கட்டணத்தில் அடுத்த 90 நாள் கவனிப்பும் அடக்கம். அதே சர்ஜன் தையலைப் பார்த்ததற்குத் தனி பில் அனுப்பினால் கட்டாமல் ஃபோன் செய்யுங்கள்.

———

அண்ணே, இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். அதனால் இங்குள்ள கார்டுகளில் முதல் பெயர் "எஃப்.என்.யு." (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வந்துவிடுகிறது. மெடிகேர் கார்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே வரவேற்பு மேசையில் கொடுங்கள். அழைக்கும் பெயரைக் கொடுத்தால் கிளெய்ம் திரும்பி வரும், பிறகு முழுத் தொகைக்கும் வீட்டுக்கு பில் வரும். கார்டு எண்ணில் 11 எழுத்தும் இலக்கமும் கலந்து இருக்கும்; ஓ (O), ஐ (I), எல் (L), எஸ் (S), பி (B), இசட் (Z) ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம். ஃபோனில் எண்ணை வாசிக்கும்போது இங்கேதான் தப்பு நடக்கிறது.