பயணத்தின் நடுவே ஆங்கிலம் கற்பிக்கத் தன்னார்வலராகச் செல்லலாமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மாணவி

அனைவருக்கும் வணக்கம். பட்டப்படிப்பை முடித்த பின், வேலையில் சேர்வதற்கு முன் மார்ச் மாத நடுவிலிருந்து மே மாத இறுதி வரை எனக்கு ஓர் இடைவெளி கிடைக்கவுள்ளது. பட்டர்வொர்த்தில் ரயிலேறிப் பாடாங் பெசார் சென்று, அங்கிருந்து ஹாட்யாய், பேங்காக் வழியாக லாவோஸ், கம்போடியா வரை தரைவழியாகவே போய்வர எண்ணியுள்ளேன். வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட, வழியில் இரண்டு மூன்று ஊர்களில் சில வாரங்கள் தங்கி, அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆசிரியப் பயிற்சி எனக்கு இல்லை. தமிழ்ப்பள்ளியில் பயின்று, இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டித் தேறியவள் நான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த பழக்கம் மட்டும் உண்டு. இணையத்தில் தேடியபோது ஒரு நிறுவனம், கம்போடியாவின் சியாம் ரியாப்பில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்தில் இரண்டு வாரம் கற்பிக்க ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறது. அனுபவம் தேவையில்லை, எந்த நாளிலும் தொடங்கலாம் என்கிறார்கள். ஆனால், அதற்கு நான்தான் கட்டணம் செலுத்த வேண்டுமாம். இலவசமாக உழைக்க வருபவளிடம் எதற்குப் பணம் என்று அம்மா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. அத்துடன், இப்பணிக்கு வெள்ளைக்காரர்களையே விரும்புவார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். விசா விஷயமும் குழப்பமாக உள்ளது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை, செராஸ்

தங்கைக்கு வணக்கம். கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தச் சிறுவர் இல்லத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: அங்கே போகாதீர்கள். கம்போடியாவின் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள் என்பதை யுனிசெஃப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டிவிட்டது. சுற்றுப்பயணிகளின் நன்கொடை வரத் தொடங்கியதும் இல்லங்கள் பெருகின. இல்லங்கள் பெருகியதும் அவற்றை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பி ஏழைப் பெற்றோர் அனுப்பிவைத்தார்கள். 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு நவீன அடிமைமுறையை ஆராய்ந்தபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகள் கடத்தப்படுவதையும் அதில் ஒரு பகுதியாகவே சேர்த்து விசாரித்தது. எல்லா இல்லங்களும் அப்படிப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால், யார் எவர் என்று விசாரிக்காமல், எந்த நாளிலும் வரலாம் என்று முன்பின் அறியாத ஒருவரைக் குழந்தைகளிடம் அனுமதிக்கும் இடம், வேறு எவரையும் அப்படியே அனுமதிக்கும் இடம்தான். உங்களிடம் அவர்கள் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்களா? கேட்கவில்லையென்றால் அதுவே போதிய பதில்.

கட்டணம் கேட்பதே குற்றம் என்று கருத வேண்டாம். தங்குமிடத்துக்கும் உணவுக்கும் உங்களைக் கவனித்துக்கொள்பவரின் ஊதியத்துக்கும் யாரோ ஒருவர் செலவழித்தாக வேண்டும், அந்தச் சுமையை ஏழைப் பள்ளியின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. அதனால், எவ்வளவு பணம் எதற்குப் போகிறது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: நீங்கள் புறப்பட்ட மறுநாள் அந்த வகுப்பை யார் எடுப்பார்? உள்ளூர் ஆசிரியர் ஒருவரைக் காட்டி, அவருக்கு உதவியாகத்தான் வருகிறீர்கள் என்று சொன்னால் போகலாம். அடுத்த தன்னார்வலர் வருவார் என்று சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருவர் வந்து, ஒவ்வொருவரும் எழுத்துகள், நிறங்கள், பழங்களின் பெயர்கள் என்று முதலிலிருந்தே தொடங்குவதால், ஆண்டு முழுவதும் ஆப்பிளைத் தாண்டாத வகுப்புகள் அப்படித்தான் உருவாகின்றன.

வெள்ளைக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சம்பளம் கொடுத்து ஆளெடுக்கும் தனியார் பள்ளிகளில் அந்த விருப்பம் இன்னும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், வகுப்பறைக்குள் உங்களுக்கு உள்ள சாதகம் அவர்களுக்கு எளிதில் கிடைக்காது. மலாய் மொழியைப் போலவே தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா நாடுகளின் தாய், லாவோ, கெமர் மொழிகளிலும் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. ஆகவே, அங்குள்ள பிள்ளை 'யெஸ்டர்டே ஐ கோ' என்று எழுதும்போது, நம் நாட்டுப் பள்ளிகளில் படித்த உங்களுக்கு அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பது உடனே விளங்கும். தாய்லாந்து மொழியில் சொல்லின் இறுதியில் 'ஸ்' ஒலி நிற்பதில்லை. 'பஸ்' என்பது 'பட்' போல ஒலிக்கும். நம் பிள்ளைகள் அதையே 'பஸ்ஸு' என்று இழுப்பார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றுத் தேறியவருக்கு எங்கே கால் இடறும் என்பது தெரியும்.

கற்பிக்கும்போது நீங்கள் குறைவாகப் பேசுங்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவரை எழுப்பிப் பேசவைத்தால் மற்ற முப்பத்தொன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு இருவர் இருவராகப் பேசவிட்டால் எல்லா வாய்களும் அசையும். ஒரு படத்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் காட்டி, அதைப் பார்க்காத மற்றவர் கேட்டுக் கேட்டு வரையுமாறு செய்வதற்குச் சுண்ணக்கட்டியும் பழைய தாளுமே போதும். வகுப்பு முடிந்ததும் அந்த உள்ளூர் ஆசிரியருடன் நாள்தோறும் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் உரையாடுங்கள். கிராமப்புறப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பவருக்கே அம்மொழியில் பேச ஆள் கிடைப்பதில்லை. பாடநூலின் பகுதிகளைப் படித்து அவரது கைப்பேசியில் பதிவு செய்து கொடுத்தால், அது அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் பயன்படும்.

மறுமொழி: பயண ஏற்பாட்டுத் துறையில் இருப்பவர், ஜார்ஜ்டவுன்

சகோதரி, ஆசிரியை அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால், உங்கள் திட்டத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. தாய்லாந்தின் அரசுப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை நீண்ட விடுமுறை. நீங்கள் போகும் காலத்தில் வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும். அந்நேரத்தில் ஒரு நிறுவனம் உங்களைத் தாய்லாந்துப் பள்ளிக்கு அனுப்புவதாகச் சொன்னால், எந்தப் பள்ளி என்று கேட்டுப் பாருங்கள். மேலும், நமது சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளிலும் புத்தாண்டு வருவதால், ஏப்ரல் நடுவில் எங்குமே பாடம் நடக்காது. லாவோசில் பள்ளியாண்டு செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தையும் தொட்டுச் செல்வதால், ஏப்ரல் இறுதிக்குப் பிந்திய வாரங்கள்தாம் உங்களுக்குப் பொருந்தும்.

விசாவைப் பொறுத்தவரை, மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நாம் இம்மூன்று நாடுகளுக்கும் சுற்றுப்பயணியாக விசா இன்றிப் போய்வரலாம். அந்த அனுமதி சுற்றிப் பார்ப்பதற்கு மட்டுமே. சம்பளம் வாங்கவில்லையே என்பது சட்டத்தின் முன் போதிய காப்பு ஆகாது. தாய்லாந்தில் வேலை உரிமம் இல்லாமல் பணிபுரிந்து பிடிபடும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும், நாட்டை விட்டு வெளியேற்றமும் காத்திருக்கின்றன. முறையான அமைப்பு என்றால், தன்னார்வலருக்குரிய விசாவுக்கான கடிதத்தைத் தானே தயாரித்துக் கொடுக்கும். 'சுற்றுலா என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதிகாரிகள் கேட்கமாட்டார்கள்' என்று எவராவது எழுதினால், மாட்டிக்கொள்ளப்போவது அவர்கள் அல்லர், நீங்கள்தாம்.

வழிப்போக்கருக்கென்றே அமைந்த வாய்ப்புகளும் உள்ளன. லாவோசின் லுவாங் பிரபாங் நகரில் 'பிக் பிரதர் மவுஸ்' என்ற, பிள்ளைகளுக்கு நூல்கள் வெளியிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் இளைஞர்கள் அங்கே கூடுகிறார்கள். பயணிகள் போய் அவர்களோடு அமர்ந்து ஓரிரு மணி நேரம் உரையாடலாம். தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் வாட் செடி லுவாங் ஆலய வளாகத்தில் இளம் பௌத்தத் துறவிகள் பயணிகளோடு பேசி ஆங்கிலம் பழகுகிறார்கள். (பெண்கள் துறவிகளைத் தொடுவதும், கைக்குக் கை எதையும் கொடுப்பதும் அங்கே வழக்கமில்லை, நினைவில் வையுங்கள்.) இவ்விடங்களில் நீங்கள் ஆசிரியை அல்லர், பேச்சுத்துணை மட்டுமே. இன்றைக்கு வந்து நாளைக்குப் போகிறவருக்கு அதுவே பொருத்தமான வேலை என்பது என் எண்ணம்.

மறுமொழி: கேள்வி கேட்ட மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. பள்ளி விடுமுறையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்த நிறுவனமும் சொல்லவில்லை. சிறுவர் இல்லத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். இன்னொன்று கேட்க வேண்டும்: இணையத்தில் ஆங்கிலம் கற்பிக்க 120 மணி நேரப் பயிற்சி என்று சான்றிதழ் விற்கிறார்களே, அதைப் பெற்றுக்கொண்டு போனால் பயன் உண்டா?

மறுமொழி: கற்றல் மையத் தன்னார்வலர், செந்தூல்

சகோதரி, நான் சற்று மாறுபட்டுப் பேசப்போகிறேன். மனம் வருந்த வேண்டாம். ஆங்கிலம் கற்றுக்கொடுக்க நீங்கள் ஏன் எல்லை கடக்க வேண்டும்? 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால், இங்கே அகதிகளாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர முடிவதில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்துள்ளோர் மட்டுமே ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் கடைவீட்டு மாடிகளிலும் தேவாலயக் கூடங்களிலும் இயங்கும் சமூகக் கற்றல் மையங்களில்தான் படிக்கிறார்கள். பினாங்கிலும் அத்தகைய மையங்கள் உள்ளன. பிற்காலத்தில் வேறொரு நாட்டில் குடியேறும் வாய்ப்பு வரலாம் என்பதால் பலவற்றில் ஆங்கிலமே பயிற்று மொழி. மலேசியக் குடிமகளான உங்களுக்கு அங்கே கற்பிக்க விசா வேண்டாம், விமானச்சீட்டு வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அவர்கள் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: சில மாதங்களாவது தவறாமல் வர வேண்டும். அந்த ஒன்றைத்தான் பலரால் கொடுக்க முடிவதில்லை. நாங்கள் நடத்தும் வகுப்புக்கு ஆர்வத்தோடு பெயர் கொடுத்துவிட்டு, மழை பெய்தால் வராதவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

மறுமொழி: ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை, செராஸ்

செந்தூல் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால், பயணத்தையும் சேவையையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. இளம் வயதில் நாலு ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குச் சேவை என்று பெயர் சூட்டினால்தான் போக முடியும் என்பதில்லை. பயணியாகவே போய்வாருங்கள், தங்கையே. கற்பிக்கும் வேலையைப் பயணத்துக்கு முன்பும் பின்பும் வைத்துக்கொள்ளலாம்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கில ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்டா பயிற்சியும் ஏறத்தாழ 120 மணி நேரந்தான். ஆனால், அதில் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நின்று ஆறு மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். பின்வரிசையில் ஒருவர் அமர்ந்து குறிப்பெடுத்து, பிறகு உங்கள் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். அந்த ஆறு மணி நேரத்துக்குத்தான் மதிப்பு. அது இல்லாத இணையச் சான்றிதழ், நீச்சலைப் புத்தகத்தில் படிப்பது போன்றது. உங்கள் நோக்கத்துக்கு இப்போதைக்கு இரண்டுமே தேவையில்லை. நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, நல்ல ஆங்கில ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்னால் அமர்ந்து சில பாடங்களைக் கவனியுங்கள்.

மறுமொழி: கேள்வி கேட்ட மாணவி

வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டேன். பயணத்தைச் சுருக்கி, ஏப்ரல் இறுதியில் லுவாங் பிரபாங் சென்று, ஆங்கிலம் பழகும் இளைஞர்களோடு சில நாட்கள் அமரப் போகிறேன். இப்போதிலிருந்தே சனிக்கிழமைகளில் பினாங்கில் உள்ள ஒரு கற்றல் மையத்துக்குச் செல்லலாம் என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதை எங்கே பெறுவது?

மறுமொழி: பயண ஏற்பாட்டுத் துறையில் இருப்பவர், ஜார்ஜ்டவுன்

கேட்கிறார்கள் என்றால் நல்ல இடம் என்று பொருள். அச்சான்றிதழை வழங்குவது காவல் நிலையம் அன்று, விஸ்மா புத்ரா எனப்படும் வெளியுறவு அமைச்சு. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், அடையாள அட்டை, கடப்பிதழ் ஆகியவற்றின் நகல்களையும் ஒரு புகைப்படத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காவல் துறையின் சரிபார்ப்புக்குப் பிறகே கைக்கு வரும் என்பதால் சில வாரங்கள் பிடிக்கக்கூடும். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அது கிடைக்கும் வரை, வகுப்பில் ஆசிரியரோடு அமர்ந்து கவனிக்க மட்டும் விடுவார்களா என்று மையத்தாரிடம் கேட்டுப் பாருங்கள்.